நீ ஏற்றிய பவரை நான் இறக்கிவிட்டேன்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, கல்யாணம் முடிந்ததும் சோழவந்தானிலிருந்து திருநகர் வரைக்கும் நித்யாவை நம் காரில் நீயே ஓட்டிக் கூட்டிவரப் போவதாகச் சொன்னாய். அவள் வீட்டார் ஏற்பாடு செய்கிற பெரிய வண்டி எதுவும் வேண்டாம், மேலக்கால் ரோட்டில் மூன்றாவது கியரில் அந்தச் சத்தத்தை அவள் ஒரு தடவை கேட்க வேண்டும் என்றாய். நான் சரிப்பா என்று சொல்லி போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அந்தச் சரிப்பா அன்றிலிருந்து என்னை உறுத்துகிறது. போனில் சொல்லலாம் என்றால் அம்மா எப்போதும் பக்கத்தில் இருக்கிறாள். நேரில் சொல்லும் சாமர்த்தியம் எனக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. அதனால் எழுதுகிறேன். அந்தச் சத்தம் இப்போது காரில் இல்லை. இன்ஜினுக்கு மேல்மூடியாக நீ வேலை செய்து மாட்டிய ஹெட்டைக் கழற்றிவிட்டு, பரணில் கிடந்த பழைய ஹெட்டை மாட்டியாகிவிட்டது. நம் கார் வாங்கியபோது எப்படி இருந்ததோ அதே எண்ணூறு சிசி காராக வாசலில் நிற்கிறது.

கோபப்படுவாய். படு. ஆனால் கடைசிவரை படித்துவிட்டுப் படு. எனக்கு இதை எழுதவே அலுப்பாக இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் அம்மாவின் டயாலிசிஸுக்கு ஆஸ்பத்திரி, மற்ற நாட்களில் அதற்கான தயாரிப்பு என்று ஓடுகிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றவில்லை. அம்மாவுக்கு அளந்து கொடுக்க வேண்டிய தண்ணீரை அளந்து கொடுத்துவிட்டு, எனக்கு ஒரு டம்ளர் குடிக்கக்கூட அவளுக்குத் தெரியாமல் சமையலறைக்குப் போய்க் குடிக்கிறேன். இதையெல்லாம் உன்னிடம் முறையிடுவதற்காகச் சொல்லவில்லை. நீ கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன். ஒரு வீட்டில் என்ன நடக்கிறது என்பதை யாராவது ஒருவராவது உனக்கு உள்ளபடி சொல்ல வேண்டும். உன் அம்மா சொல்ல மாட்டாள்.

நீ அந்த இன்ஜினைக் கட்டிய நாட்களை நான் மறக்கவில்லை. அம்மாவின் சிறுநீரகம் இனித் தேறாது என்று டாக்டர் சொன்ன மாதம் அது. ஓசூரிலிருந்து வாராவாரம் வந்தாய். அம்மாவிடம் சாப்பிட்டியாம்மா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நேராக வாசலுக்குப் போய் பானெட்டைத் திறந்துவிடுவாய். காயலான் கடையிலிருந்து ஒரு பழைய ஹெட்டை வாங்கி வந்து, காற்று போகிற துவாரங்களை உட்கார்ந்து உட்கார்ந்து தேய்த்தாய். அம்மா வாசற்படியில் அமர்ந்து உன்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். பெற்ற தாய் இப்படிக் கிடக்கும்போது இவனுக்குக் கார் கேட்கிறதா என்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பிறகுதான் புரிந்தது. டாக்டர் கையை விரித்துவிட்ட பிறகு, உன் கையால் எதையாவது சரிசெய்தே தீர வேண்டும் என்று உனக்கு இருந்திருக்கிறது. நானும் அந்த மாதத்தில் வீட்டில் ஒழுகாத குழாயை எல்லாம் கழற்றி மாட்டினேன்.

நீ செய்ததை எனக்கு விளக்கவும் செய்தாய். தினத்தாளின் ஓரத்தில் படம் போட்டுக் காட்டினாய். டர்போ எதுவும் வைக்காமல் சின்ன இன்ஜினில் பவர் வேண்டுமென்றால் காற்று தாராளமாக உள்ளே போக வேண்டும், போன காற்றை இன்னும் இறுக்கி அமுக்க வேண்டும், இன்ஜின் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும், வேறு வழி இல்லை என்றாய். அதற்காகத்தான் துவாரத்தைத் தேய்த்து, ஹெட்டின் அடிப்பக்கத்தை லேத்தில் கொடுத்துச் சீவி, வால்வை அதிக நேரம் திறந்து வைக்கிற மாதிரி கேம்ஷாஃப்ட்டை மாற்றியிருந்தாய். அப்போது நான் ஒன்று கேட்டேன். உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு அப்படியே இருக்கிறது.

"மேல ஏறுது சரிப்பா. கீழ என்ன ஆகும்?"

"கீழ கொஞ்சம் கொறையும். நிமிஷத்துக்கு மூவாயிரம் சுத்துக்குக் கீழ யாருப்பா ஓட்டுவா?" என்று சிரித்தாய்.

நான்தான் ஓட்டுவேன், தம்பி. என் சர்வீஸ் முழுக்க மாட்டுத்தாவணி, ராஜபாளையம் ரூட்டில் டீசல் வண்டி ஓட்டியவன் நான். டிப்போவில் ஒரு டிரைவருக்கு என்ன மரியாதை என்பது ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கிறான் என்பதில் இருந்தது. குறைந்தால் மேனேஜர் எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துக் கேட்பார். அதனால் வண்டி நகர்ந்ததும் நகராததுமாக டாப் கியருக்குப் போய்விடுவோம். இன்ஜின் முனகினால் முனகட்டும், ஆக்ஸிலரேட்டரை மட்டும் மிதித்துவிடக் கூடாது. இந்தக் கால் அப்படியே பழகி அப்படியே கிழடாகிவிட்டது. ரிட்டயர் ஆன மறுநாளே காரை ஓட்டியபோதும் டவுன்ஹால் ரோட்டுக் கூட்டத்தில் நாலாவது கியரில்தான் போனேன். பழைய இன்ஜின் அதைப் பொறுத்துக்கொண்டது. நீ கட்டிய இன்ஜின் பொறுக்கவில்லை. முப்பதில் டாப் கியரில் போனால் டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போலத் தட்டும். மூன்றாவதில் போங்கப்பா, நல்லா மிதிங்கப்பா என்று ஒவ்வொரு போனிலும் சொன்னாய். நானும் முயன்றேன். மிதிக்கப் போனால் கால் தானாகவே பின்வாங்கிக்கொள்ளும்.

உனக்கு ஏன் அந்தப் பவர் அத்தனை முக்கியமாக இருந்தது என்பதும் எனக்குத் தெரியும். நீ சின்னப் பையனாக இருந்தபோது விடுமுறை நாட்களில் அம்மா உன்னைக் கூட்டிக்கொண்டு திருநகர் ஸ்டாப்பில் என் பஸ்ஸில் ஏறுவாள். டிரைவர் பெண்டாட்டி என்றாலும் டிக்கெட் எடுத்துத்தான் ஏறுவாள். நீ என் பக்கத்தில், சூடான இன்ஜின் மூடியை ஒட்டி நிற்பாய். கப்பலூர் தாண்டியதும் தனியார் பஸ்காரன் ஏர்ஹாரனை அலறவிட்டபடி நம்மைத் தாண்டிப் போவான். நம் பஸ்ஸுக்குள் நாலு பேர் கிண்டலடிப்பார்கள். ஒரு தடவை ஒருவர், இதுக்கு மாட்டு வண்டியே தேவலை என்று சொல்ல, நீ திரும்பி அவரை முறைத்தாய். பிறகு மிதிங்கப்பா, மிதிங்கப்பா என்று என்னிடம் அழுதாய். அந்த வண்டியில் வேகத்தைப் பூட்டி வைத்திருந்தார்கள். மிதித்தாலும் போகாது என்பதை அந்த வயதில் உனக்கு எப்படிச் சொல்வது? இத்தனை வருஷம் கழித்து காரைக் கட்டி முடித்து, சாவியை என் கையில் கொடுத்து, இனிமே ஒங்கள ஒரு பய ஓவர்டேக் பண்ண முடியாதுப்பா என்றாய். நான் உள்ளே போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தேன். அம்மா உடனே திருப்பரங்குன்றத்துக்குக் காரை எடுக்கச் சொல்லி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பூசை போட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அப்பாவுக்கு எதுவும் விளங்கவில்லை என்று நினைப்பாய். ஒரு நாள் அம்மாவை டயாலிசிஸில் படுக்க வைத்துவிட்டு, அந்த வராண்டாவில் உட்கார முடியாமல், காரை எடுத்துக்கொண்டு ரிங் ரோட்டுக்குப் போனேன். வெயில் நேரம், ரோடு காலியாகக் கிடந்தது. என்ன ஆகிவிடப் போகிறது என்று மூன்றாவது கியரில் வைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. திடீரென்று வண்டி வேறு வண்டியாகிவிட்டது. சீட் முதுகைத் தள்ளியது. சத்தம் வயிற்றுக்குள் கேட்டது. நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன் தம்பி, வாய்விட்டுச் சிரித்தேன். போக மாட்டேன் என்கிற வண்டியை ஓட்டியே காலம் கழித்தவன். போகலாம் வா என்று கூப்பிடுகிற வண்டியை எனக்கு யாரும் அதுவரை கொடுத்ததில்லை. நீ எத்தனை பெரிய வேலை செய்திருக்கிறாய் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் அம்மாவை மெஷினிலிருந்து எடுக்கும் நேரம் வந்துவிட்டது, சொல்லாமலே போய்விட்டது.

ஆனால் ரிங் ரோட்டில் உன் அம்மா இல்லை. அவள் பழங்காநத்தம் நெரிசலில் பின்சீட்டில் இருக்கிறாள். டயாலிசிஸ் முடிந்து வரும்போது அவளைப் பிழிந்துபோட்ட துணி என்றுதான் சொல்ல வேண்டும். தலைசுற்றல், வாந்தி, காலில் சுண்டி இழுப்பு. இடது கையில் ஊசி குத்திய இடத்தைப் பஞ்சு வைத்து இறுக்கிக் கட்டி அனுப்புவார்கள். வீட்டுக்கு வரும்வரை அந்தக் கையை வலது கையால் பிடித்தபடியே உட்கார்ந்திருப்பாள். ஆட்டோவில் தூக்கிப் போடுகிறது. கால் டாக்சிக்காரர்கள் திருநகர் என்றதும் பாதி நாள் வர மறுக்கிறார்கள். அதனால் நம் கார்தான். முதல் கியரிலும் இரண்டாவதிலும் ஊர்ந்தால் உன் இன்ஜின் குதிரை மாதிரி உதறும். நிற்கும்போதும் வண்டி முழுக்க நடுங்கும். நீ சொன்ன விலை கூடின பெட்ரோல் போட்டுப் பார்த்தேன். ரேடியேட்டரைச் சுத்தம் செய்தேன். இன்ஜினில் தீப்பொறி விழுகிற டைமிங்கைக் குறைத்து வைத்தேன். தட்டுவது குறைந்தது, இருந்த இழுவையும் போனது. அம்மா கண்ணை மூடிக்கொண்டே வருவாள். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டால் மட்டும், "சூப்பரா ஓடுதுடா, அப்பா பறக்குறாரு" என்பாள். நீயும் நம்பிக்கொண்டாய். உன்மேல் தப்பில்லை. அவள் சொன்னால் யாரும் நம்புவார்கள்.

சித்திரை வெயிலில் ஒரு நாள் பழங்காநத்தத்தில் பஸ் ஒன்று குறுக்கே நின்றுவிட்டது. நான் பழக்க தோஷத்தில் கியரைக் குறைக்காமல் மெல்லப் போனேன். இன்ஜின் இரண்டு உதறு உதறிவிட்டு ஒரே வெட்டில் நின்றது. அம்மா முன்னால் சாய்ந்தவள், விழாமல் இருக்க முன்சீட்டை இடது கையால் பிடித்துவிட்டாள். திரும்பிப் பார்க்கிறேன், கட்டு முழுக்கச் சிவப்பு. சேலையில் வடிகிறது. பின்னால் ஹாரன் காதைப் பிளக்கிறது. ஒரு கையால் அவள் கையை அழுத்திப் பிடித்தபடி மறு கையால் சாவியைத் திருகுகிறேன், சூட்டில் இன்ஜின் பிடிக்க மாட்டேன் என்கிறது. பஸ் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு பிரேக் பிடிக்காமல்கூட ஓட்டி நிறுத்தியிருக்கிறேன். அன்றைக்கு எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. ஒரு ஆட்டோக்காரர் இறங்கி வந்து, "அய்யா, வண்டிய விடுங்க, அம்மாவத் தூக்குங்க" என்றார். நடுரோட்டில் காரைச் சாவியோடு விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போனோம். ரத்தம் இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நர்ஸ் சொன்னதை உனக்கு எழுத மனம் வரவில்லை.

ஆட்டோவில் போகும்போது அந்தக் கை என் வேட்டியில் சுற்றியிருந்தது. அவள் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னாள். "புள்ளட்ட சொல்லிராதீங்க. காராலதான் ஆச்சுன்னு நெனச்சுக்கிருவான்." காராலதான் ஆச்சு என்று சொல்ல வாயெடுத்தேன். பாதி என் காலாலும் ஆனதுதானே என்று அடக்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே போய் எடுத்துவந்திருந்த காரை, மறுவாரம் பசுமலை மெக்கானிக் பாண்டியிடம் கொண்டுபோய் விட்டேன். பானெட்டைத் திறந்து பார்த்தவன் கை வைக்கவே யோசித்தான். "அண்ணே, தம்பி கண்ணும் கருத்துமாப் பண்ணிருக்காப்ல. இதக் கழட்டச் சொல்றீங்களே, ஒரு வார்த்தை கேட்டுக்கிருங்க" என்றான். கேட்டால் நீ ஓசூரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்து, இன்னும் எதையாவது மாற்றி, இப்போது ஓட்டிப் பாருங்கப்பா என்பாய். அம்மாவும் சூப்பர்டா என்பாள். எனக்கு அதற்கு மேல் தெம்பு இல்லை. நானே பரணிலிருந்து பழைய ஹெட்டை இறக்கிக் கொடுத்தேன். அவன் உன் ஹெட்டைக் கழற்றித் தரையில் வைத்தபோது அந்தத் துவாரங்களில் விரலை விட்டுப் பார்த்தேன். கண்ணாடி போல இருந்தது. அதைத் தேய்த்துத் தேய்த்து உன் விரல் நகமெல்லாம் வெள்ளையாகிக் கிடந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. பட்டறையில் ஆட்கள் இருந்தார்கள், இல்லாவிட்டால் அழுதிருப்பேன். எண்ணெய் தடவி, துணி சுற்றி, சாக்கில் கட்டிப் பரணில் வைத்திருக்கிறேன். ஒரு கீறல் இல்லை. நாளைக்கு நீ உனக்கென்று ஒரு வண்டி வாங்கு, அதில் மாட்டு, ரிங் ரோட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போ.

கல்யாணம் ஆகப் போகிறவனுக்கு அப்பன் ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது இந்த ஒரு கார்தான். நீ பவரை வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்க்கவில்லை தம்பி, கீழே இருந்ததை எடுத்து மேலே கொடுத்தாய். அதில் தப்பே இல்லை, சின்ன இன்ஜினில் வேறு எப்படிச் செய்ய முடியும்? சம்பளமும் குடும்பமும் சின்ன இன்ஜின்தான். நீ வேலையில் மேலே போகப் பார்ப்பாய், கூடுதல் ஷிஃப்ட் பார்ப்பாய், ஊர் மாறுவாய். எதை ஏற்றினாலும் எங்கே குறைகிறது என்று ஒரு தடவை பார். அந்தக் குறைகிற இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார். நித்யாவிடம் கேட்டால் அவள் பரவால்ல என்பாள். இந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் ரத்தம் வடிந்தாலும் பரவால்ல என்றுதான் சொல்கிறார்கள். அதை நம்பிவிடாதே. திரும்பிப் பின்சீட்டைப் பார்.

காரை எடுத்துவந்த பிறகு முதல் தடவையாகப் புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம். பழங்காநத்தத்தில் அதே நெரிசல். நான் என் வழக்கப்படி கியரைப் போட்டுவிட்டு ஊர்ந்தேன். இன்ஜின் முனகியது, ஆனால் உதறவில்லை. பசுமலை தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தேன். அம்மாவின் வலது கை இடது கையை விட்டுவிட்டு மடியில் தனியாகக் கிடந்தது. தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு கணம் எனக்கு உயிரே போய்விட்டது. பிறகுதான் மூச்சு ஏறி இறங்குவது தெரிந்தது. தூங்கியிருக்கிறாள். இந்த ஒன்றரை வருஷத்தில் அந்தக் காரில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. வீட்டு வாசலில் நிறுத்தியும் எழுப்ப மனமில்லாமல், இன்ஜினை அணைத்தால் விழித்துக்கொள்வாளோ என்று அணைக்காமலே உட்கார்ந்திருந்தேன். இருந்திருந்து டிப்போக்காரன் பெட்ரோலை வீணாக்கியது அன்றைக்குத்தான்.

அவளாகவே விழித்ததும் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். "சத்தம் போயிருச்சேங்க" என்றாள். ஆமாம் என்றேன். என்னை ஏசவில்லை. வீட்டுக்குள் போய்ப் படுத்த பிறகு சுவரைப் பார்த்தபடி, "அவன் வார அன்னைக்கு மட்டும் அதத் திரும்ப மாட்ட முடியாதா? கல்யாணம் முடியட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்" என்றாள். முடியாது என்றேன். அதிலிருந்து அவளுக்கு ஒரே கவலை அதுதான். தாலி, பந்தல், பட்டுப்புடவை எதைப் பற்றியும் கவலை இல்லை. புள்ள மனசு ஒடஞ்சு போவானே என்று என் காதுபடத் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள்.

நீ ஊருக்கு வந்ததும் பையை வைப்பதற்கு முன்பே சாவியைத்தான் கேட்பாய். ஸ்டார்ட் செய்த உடனே, முதல் சத்தத்திலேயே, உனக்குத் தெரிந்துவிடும். உன் அம்மா படியில் நின்றுகொண்டிருப்பாள். காரைப் பார்க்க மாட்டாள், உன் முகத்தைத்தான் பார்ப்பாள். அந்த நேரத்தில் உன் முகம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவையும் முன்கூட்டியே எழுதினேன்.